மூணாவது தடவை கேக்கணும்

"என் நெஞ்சைப் பத்தி அந்த மைக்குல நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது, ஆர்டிஸ். சத்தியம் பண்ணு"ன்னாரு என் வீட்டுக்காரரு ஆர்வின். ஒரு கால் பூட்ஸுக்குள்ள இருக்கு, இன்னொரு பூட்ஸ் கையில இருக்கு. மணி அஞ்சேகால் ஆச்சு. அஞ்சரைக்கு சிட்டி ஹால்ல கூட்டம்.

"சரி, பேசல."

"சத்தியமா?"

"சத்தியமா. முதல்ல பூட்ஸைப் போடுங்க, தரையெல்லாம் பனித்தண்ணி."

சொல்லிட்டேனே தவிர, அதைக் காப்பாத்த முடியுமான்னு தெரியல. அன்னிக்கு எனக்குப் பேசறதுக்குன்னு இருந்ததே அந்த நெஞ்சு ஒண்ணுதான்.

அதுக்கு முந்தின வருஷம் ஜனவரியில, பனி தள்ளுற மெஷினை ஸ்டார்ட் பண்ணப் போனவரு கராஜ்லயே விழுந்துட்டாரு. நான் சத்தத்தைக் கேட்டு ஓடினா மூச்சு இல்ல. போன் பண்ணி ஆறே நிமிஷத்துல எங்க ஊரு ஆம்புலன்ஸை நடத்தற லோவல் பிரெக்கி வண்டியைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்திட்டாரு. கூட வந்தது பள்ளிக்கூடத்துல கணக்கு எடுக்கிற டீச்சர். அந்தப் பொண்ணு நெஞ்சை அமுக்கின அமுக்குல ரெண்டு விலா எலும்பு உடைஞ்சுது. உடைஞ்சா உடையட்டும், ஆளு திரும்பி வந்துட்டாரு. பெரியாஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "இன்னும் நாலு நிமிஷம் போயிருந்தா நான் உங்ககிட்ட வேற செய்தி சொல்லிட்டிருப்பேன்"னாரு. "இது திரும்ப வரலாம்"னும் சொன்னாரு. அதை நான் ஒரு நாளும் மறக்கல.

ஆர்வினுக்கு செத்துப் பிழைச்சதுல வெக்கம் இல்ல. லோவல் கத்தரிக்கோலை எடுத்து குளிருக்கு உள்ள போடற, உடம்பு முழுக்க மூடற அவரோட நீளக் கம்பளி ஜட்டியைக் கழுத்துல இருந்து முட்டி வரைக்கும் வெட்டினாருல்ல, அதுதான். பின்பக்கம் நான் சிவப்புத் துணியில ஒட்டுப் போட்டிருந்தேன். ஸ்ட்ரெச்சர்ல தூக்கும்போது தெருவே பாத்துருச்சு. அதனாலதான் இந்த சத்தியம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். கொரோனாவுக்குன்னு வாஷிங்டன்ல இருந்து ஊருக்கு ஊரு நிவாரணப் பணம் அனுப்பினாங்கல்ல, எங்க ஹாகனுக்கும் மூணு லட்சத்துப் பத்தாயிரம் டாலர் வந்துச்சு. மூவாயிரம் பேரு கூட இல்லாத ஊரு நாங்க. அவ்வளவு பணத்தை ஒண்ணா யாரும் பாத்ததில்ல. அதே கொரோனாவுல ஆம்புலன்ஸ் ஆளுங்க கரைஞ்சு போயிட்டாங்க. எல்லாரும் சம்பளம் இல்லாம சேவையா வந்தவங்கதான். பத்தொன்பது பேரு இருந்தது ஏழாயிருச்சு. ராத்திரி முறைக்கு ஆளே இல்ல. ஆள் இல்லாம ஆம்புலன்ஸ் நடத்தக் கூடாதுன்னு மாநிலத்துச் சட்டம். ஜூன் முப்பதுக்குள்ள சரி பண்ணலைன்னா லைசன்ஸைத் திருப்பிக் குடுக்கணும். பகலும் கிடையாது, ராத்திரியும் கிடையாது. அப்புறம் யாரு விழுந்தாலும் அடுத்த ஊரு வெஸ்ட்பில இருந்துதான் வண்டி வரணும். முப்பத்தெட்டு நிமிஷம். அதுவும் பனி இல்லாத நாள்ல.

ராத்திரி ஆளுங்களுக்குச் சம்பளம் குடுத்து வச்சா ரெண்டு வருஷத்துக்கு ஒரு லட்சத்து நாப்பதாயிரம் ஆகும். பணமும் இருக்கு, தேவையும் இருக்கு. இதுல என்ன சிக்கல்னு கேப்பீங்க. நாங்கதான் சிக்கல்.

மேயர் டெனீஸ் எல்லாத் துறைக்கும் ஒரு தாள் அனுப்பி, உங்களுக்கு என்ன வேணும், எவ்வளவு வேணும்னு கேட்டிருந்தாங்க. லோவல் அதுல என்ன எழுதினாரு தெரியுமா? "ஊருக்கு எது வசதியோ அது." டெனீஸ் பாவம், அரிசோனாக்காரங்க, இங்க கல்யாணம் கட்டி வந்து ஆறு வருஷம்தான் ஆகுது. இருந்தாலும் போன் பண்ணி, "நிஜமாவே எதுவும் வேண்டாமா லோவல்?"னு இன்னொரு தடவை கேட்டிருக்காங்க. "நாங்க எப்படியோ பாத்துக்குறோம்"னு இவரு சொல்லியிருக்காரு. அதை அவங்க நிஜம்னு நம்பிட்டாங்க! எங்க ஊர்ல ஒரு கப் காபியே மூணாவது தடவை கேட்டாதான் வாங்குவோம். ஒரு லட்சத்து நாப்பதாயிரத்தை ரெண்டாவது தடவையில ஒருத்தன் வாங்குவானா?

அப்புறம் ஸ்டிக்கர் ஒட்டற நாள் வந்துச்சு. பள்ளிக்கூடச் சாப்பாட்டு ஹால்ல வரிசையா அட்டை மாட்டி, ஆளுக்கு மூணு பச்சை ஸ்டிக்கர் குடுத்தாங்க. பிடிச்ச திட்டத்துல ஒட்டணும். ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்குப் புதுக் கூரை, நடைபாதை, லைப்ரரி, பூங்கா. ஓரத்துல மரியாதைக்கு ஆம்புலன்ஸுக்கும் ஒரு அட்டை. நான் மூணையும் அங்கதானே ஒட்டியிருக்கணும்? ஒண்ணுதான் ஒட்டினேன். லோவல் பக்கத்துலயே நின்னுட்டிருந்தாரு, மூணையும் ஒட்டினா நம்ம காரியத்துக்காக அலையற மாதிரி தெரியுமேன்னு இருந்துச்சு. மீதி ரெண்டையும் லைப்ரரிக்கும் நடைபாதைக்கும் குடுத்தேன். ஆர்வின் ஒண்ணு கூட ஒட்டல. "என் உயிரைக் காப்பாத்தினவங்களுக்கு நானே ஒட்டினா அது லஞ்சம்"னாரு. ஊரே இப்படித்தான். ஆம்புலன்ஸுக்கு எப்படியும் மத்தவங்க ஒட்டிடுவாங்கன்னு ஒவ்வொருத்தரும் பெருந்தன்மையா வேற எங்கயோ ஒட்டிட்டு வந்துட்டோம். எண்ணிப் பாத்தா ஆம்புலன்ஸுக்குப் பதினொண்ணு, ஐஸ் அரங்கக் கூரைக்குத் தொண்ணூத்தி நாலு.

அப்படித்தான் அந்த மார்ச் மாசக் கூட்டத்துல டெனீஸ் வச்ச திட்டத்துல கூரைக்கு ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம்னு இருந்துச்சு. ஆம்புலன்ஸுக்குப் புது டயர் வாங்க நாலாயிரம். அன்னிக்கு மக்கள் பேசி முடிச்சதும் ஓட்டெடுப்பு. அது முடிஞ்சா முடிஞ்சதுதான்.

ஹால்ல போய் உக்காந்தோம். முன்னாடி மேயரும் நாலு கவுன்சிலருங்களும். அதுல ரோல்ஃப் குவாம் நடுவுல, கூரைத் திட்டத்தோட தலைவரே அவருதான். கெட்ட ஆளில்ல. முப்பது வருஷமா பிள்ளைங்களுக்கு ஹாக்கி சொல்லிக் குடுக்கறாரு, என் பேரனுக்கும் அவருதான் கோச். லோவல் கடைசி வரிசையில, இடுப்புல பேஜர், கையில தொப்பி. தொப்பிக்குள்ள ஏதோ எழுதியிருக்கிற மாதிரி அதையே பாத்துட்டிருந்தாரு.

ஹாக்கி அம்மாக்கள் ஒவ்வொருத்தரா மைக்குக்கு வந்தாங்க. பிள்ளைங்க ஜெர்சியோட பின்னாடி வரிசையா நின்னுச்சுங்க. கூரை ஒழுகுது, ஐஸ்ல குழி விழுது, வெளியூர் டீம் வரமாட்டேங்குதுன்னு எல்லாம் உண்மையைத்தான் சொன்னாங்க. மேசையில ஒரு விளக்குப் பெட்டி. பேச ஆரம்பிச்சா பச்சை, ரெண்டரை நிமிஷத்துல மஞ்சள், மூணு நிமிஷத்துல சிவப்பு. ஒருத்தரும் சிவப்பு வரைக்கும் போகல, அவ்வளவு மரியாதை. ஆம்புலன்ஸுன்னு ஒருத்தர் வாய்லயும் வரல.

நான் ஆர்வினையே பாத்துட்டிருந்தேன். உள்ளங்கையால நெஞ்சைத் தடவறாரு. நிறுத்தறாரு. மறுபடி தடவறாரு.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணும் இல்ல. மத்தியானம் சாப்பிட்ட சாசேஜ்."

"முகம் வெளுத்திருக்கே."

"மார்ச் மாசம் எல்லாருக்கும்தான் வெளுத்திருக்கு. முன்னாடி பாரு."

கைப்பைக்குள்ள மாத்திரை டப்பாவை இறுக்கிப் பிடிச்சிட்டேன். வெஸ்ட்பி ரோட்டை மனசுக்குள்ள ஓட்டிப் பாக்கறேன். ஏரி வளைவு, ரயில் கேட்டு, தானியக் கிடங்கு. எப்படி ஓட்டினாலும் முப்பத்தெட்டு நிமிஷத்துக்குக் குறைய மாட்டேங்குது.

ஆறரைக்கு டெனீஸ் பத்து நிமிஷம் இடைவேளை விட்டாங்க. பின்னாடி மேசையில காபியும், மார்லிஸ் கொண்டாந்த கேரமல் பாரும். பேக்கிங் தட்டுல சதுரம் சதுரமா வெட்டி வச்சிருந்தா. மார்லிஸ் என் சிநேகிதி, நாப்பது வருஷப் பழக்கம். வந்ததும் என் காதுகிட்ட வந்துட்டா.

"ஏன்டி, நீ பேசப் போறியா, இல்ல பொம்மை மாதிரி சும்மா உக்காந்திருக்கப் போறியா?"

"பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன், மார்லிஸ்."

"யாருக்கு, இவருக்கா? இவருக்கு என்ன, நிம்மதியா போய்ச் சேந்துருவாரு. சாவுக்கு வர்ற நூத்தம்பது பேருக்கு சர்ச்சுல சாண்ட்விச் போடறது நான்தானே! எனக்கு முட்டி வலி, சொல்லிட்டேன்."

மெதுவாப் பேசறதா அவ நினைப்பு. மேசைக்கு அந்தப் பக்கம் நின்ன ஆர்வினுக்கு நல்லாவே கேட்டுருச்சு. அவரு கடைசி வரிசையில தனியா உக்காந்திருந்த லோவலை ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு.

அதுக்குள்ள தட்டு காலி. ஒரே ஒரு துண்டு மிச்சம். சுத்தி எட்டுப் பேர் நிக்கிறோம், எட்டுப் பேரும் அது கண்ணுல படாத மாதிரி வானிலையைப் பத்திப் பேசறோம். கடைசித் துண்டை எங்க ஊர்ல யாரும் எடுக்க மாட்டாங்க. ஒருத்தர் பாதியா வெட்டுவாரு, அடுத்தவரு அந்தப் பாதியில பாதி. கடைசியில நகத்தளவு ஒரு துணுக்கு, தட்டுக்காரி வீட்டுக்கே திரும்பிப் போகும். ரோல்ஃப் அதே மாதிரி கத்தியை எடுத்தாரு, பாதி வெட்ட.

ஆர்வின் கையை நீட்டி முழுத் துண்டையும் எடுத்துட்டாரு.

"எனக்கு வேணும்"னாரு.

ரெண்டே வாய். மென்னு முழுங்கினாரு. கத்தி ரோல்ஃப் கையில அப்படியே நிக்குது. மார்லிஸ் வாயைத் திறந்தவ மூடல. கல்யாணம் ஆகி அம்பத்தோரு வருஷத்துல இந்த மனுஷன் இப்படி ஒரு காரியம் செஞ்சு நான் பாத்ததில்ல. அவரு விரலைத் துடைச்சிட்டு என் பக்கத்துல வந்து குனிஞ்சாரு.

"சத்தியம் வாபஸ். ஆனா ஜட்டியைப் பத்திப் பேசின, வீட்டுக்கு நடந்துதான் வருவ."

கூட்டம் மறுபடி ஆரம்பிச்சுது. பேசறதுக்குப் பேர் குடுத்தவங்க முடிஞ்சாச்சு. டெனீஸ் விதிமுறைத் தாளைப் பாத்துப் படிச்சாங்க. "வேற யாராவது பேசணுமா?"

எந்திரிக்கணும்னு நினைக்கறேன். கைப்பையைத் திறந்து திறந்து மூடறேன்.

"வேற யாராவது பேசணுமா? ரெண்டாவது தடவை கேக்கறேன்."

ஆர்வின் முழங்கையால இடிக்கறாரு. டெனீஸ் கை சுத்தியலுக்குப் போகுது.

"மூணாவது தடவை. கடைசியா கேக்கறேன், வேற யாராவது?"

அப்பத்தான் எந்திரிச்சேன். அந்த விதிமுறையை எழுதினவரு நம்ம ஊரு ஆளாத்தான் இருக்கணும்.

மைக்குகிட்ட போனதும் பச்சை விளக்கு எரிஞ்சுது. "நான் ஆர்டிஸ் சோலி. மேப்பிள் தெரு"ன்னேன். குரல் எனக்கே கேக்கல. "போன வருஷம் ஜனவரியில என் வீட்டுக்காரருக்கு மூச்சு நின்னுபோச்சு. ஆறு நிமிஷத்துல வண்டி வந்துச்சு. பத்து நிமிஷம்னா இன்னிக்கு நான் இங்க தனியா வந்திருப்பேன். ஜூலையில இருந்து அது முப்பத்தெட்டு நிமிஷம். ஸ்டிக்கர் ஒட்டின அன்னிக்கு நான் ஆம்புலன்ஸுக்கு ஒண்ணுதான் ஒட்டினேன். வெக்கமா இருந்துச்சு. உங்கள்ல எத்தனை பேரு அதே மாதிரி வெக்கப்பட்டு வேற எங்கயோ ஒட்டினீங்கன்னு எனக்குத் தெரியாது. யோசிச்சுப் பாருங்க."

ஒரு நாற்காலி கிறீச்சிட்டுது.

"மேயரம்மா, உங்க மேல தப்பே இல்ல. நீங்க லோவலை ரெண்டு தடவை கேட்டீங்க. வேற ஊரா இருந்தா அது போதும். இங்க மூணு தடவை கேக்கணும். அவரு அதோ உக்காந்திருக்காரு. மூணாவது தடவை கேளுங்க."

மஞ்சள் எரிஞ்சுது.

டெனீஸ் என்னைப் பாத்தாங்க, அப்புறம் கடைசி வரிசையைப் பாத்தாங்க. "லோவல், ஆம்புலன்ஸுக்கு உங்களுக்கு ஏதாவது வேணுமா?"

லோவல் எந்திரிச்சாரு. தொப்பியை ஒரு சுத்து சுத்தினாரு. இன்னொரு சுத்து. சிவப்பு எரிஞ்சுது.

"நேரம் முடிஞ்சுது"ன்னாரு ரோல்ஃப். சத்தமாச் சொல்லல, ஆனா சொன்னாரு.

"கேள்வி என்னோடது, ரோல்ஃப். என் கேள்விக்கு விளக்கு கிடையாது"ன்னாங்க டெனீஸ்.

"நாங்க எப்படியோ..."ன்னு லோவல் ஆரம்பிச்சாரு. போச்சு, எல்லாம் போச்சு. மைக்கை ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டேன். லோவல் கண்ணு ஆர்வின் மேல போய் நின்னுச்சு. ஆர்வின் தாடையில கேரமல் ஒட்டிட்டிருக்கு, அதைத் துடைக்காம நிமிந்து உக்காந்திருக்காரு.

"இல்ல"ன்னாரு லோவல். "பாத்துக்க முடியாது. பிப்ரவரியில பதினோரு ராத்திரி நான் ஒருத்தன்தான் முழிச்சிட்டிருந்தேன். வண்டியோட போக ரெண்டாவது ஆள் கிடையாது. யாருக்கும் ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு விடியற வரைக்கும் கும்பிட்டுட்டு உக்காந்திருந்தேன். எனக்கு அறுபத்தாறு வயசாச்சு. ராத்திரிக்குச் சம்பள ஆள் வேணும். இல்லைன்னா ஜூன் முப்பது சாவியைக் கொண்டாந்து இந்த மேசையில வச்சிருவேன். வேணும். எனக்கு... எங்களுக்கு அது வேணும்."

உக்காந்துட்டாரு. கழுத்து வரைக்கும் செவந்து போச்சு.

"ஏம்ப்பா, சனிக்கிழமை சனிக்கிழமை உறைஞ்ச ஏரியில ஒரே ஐஸ் ஓட்டைக்குப் பக்கத்துல உக்காந்து மீன் பிடிக்கறோம்"னாரு ரோல்ஃப். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீ கேக்கலையே."

"கேட்டேனே, எப்படிப் போகுதுன்னு கேட்டேன்!"

"ஒரு தடவை கேட்ட."

ஹாக்கி அம்மா ஒருத்தங்க சிரிச்சுட்டு வாயைப் பொத்திக்கிட்டாங்க.

கூரைப் பணத்துல ஒரு லட்சத்து நாப்பதாயிரத்தை ஆம்புலன்ஸுக்கு மாத்தணும்னு ஒரு கவுன்சிலரம்மா முன்மொழிஞ்சாங்க. நான் ஆர்வின் பக்கத்துல போய் உக்காந்தேன். பேர் பேரா ஓட்டு. முதல் ஆள் சரின்னாரு. ரெண்டாவது ஆள் வேண்டாம்னாரு. முன்மொழிஞ்சவங்க சரி. அடுத்தது ரோல்ஃப். அவரு ரொம்ப நேரம் பின்னாடி நின்ன ஜெர்சிப் பிள்ளைங்களையே பாத்தாரு. லோவலுக்காக விட்டுக் குடுத்துருவாருன்னுதான் நான் நினைச்சேன்.

"வேண்டாம்"னாரு. "அந்தப் பிள்ளைங்களுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

ரெண்டுக்கு ரெண்டு. மிச்சம் டெனீஸ். அவங்க பேனாவைக் கீழ வச்சாங்க. ஆர்வின் என் கையைப் பிடிச்சிருந்தாரு, ஐஸ் மாதிரி சில்லுன்னு இருந்துச்சு.

"சரி"ன்னாங்க டெனீஸ்.

யாரும் கை தட்டல. நாங்க தட்ட மாட்டோம். கோட்டை எடுத்துட்டு, ரோட்டுல வழுக்குமேன்னு பேசிட்டே வெளிய போனோம். வாசல்ல ரோல்ஃப் எங்களைப் பாக்காம போனாரு. ஈஸ்டர் வரைக்கும் பேசல. கூரைக்கு எழுபதாயிரத்துக்கு ஒட்டுப் போட்டாங்க, இப்பவும் ஒரு மூலையில ஒழுகுது. எங்க என்னைப் பாத்தாலும், "வாளி வச்சிருக்கோம், ஆர்டிஸ்"னு சொல்றாரு. நான் வாங்கிக்கறேன். சொல்லட்டும், அவருக்கு அந்த உரிமை இருக்கு.

ஆகஸ்ட்ல ஒரு காலை, பத்து மணி இருக்கும். நான் பீன்ஸ் கிள்ளிட்டிருந்தேன். தோட்டத்துல இருந்து ஆர்வின் உள்ள வந்து, தொப்பியைக் கழட்டி மேசையில வச்சு, நாற்காலியைப் பிடிச்சிட்டு நின்னாரு.

"ஆர்டிஸ், ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

"கொஞ்சம் தண்ணி குடிச்சுப் பாக்கறீங்களா?"ன்னு பழக்கத்துல கேட்டுட்டேன்.

"இல்ல. இப்பவே. எனக்கு வேணும்."

ஏழு நிமிஷம். நான் கடிகாரத்தையே பாத்துட்டு இருந்தேன். லோவல் ஓட்டிட்டு வந்தாரு, கூட கெய்லின்னு இருபத்தாறு வயசுப் பொண்ணு. அந்தப் பணத்துல ஜூன்ல சேத்த சம்பள ஆளு. ராத்திரி முறை முடிஞ்சும் வீட்டுக்குப் போகாம நின்னிருக்கா. மண்டி போட்டு உக்காந்து கத்தரிக்கோலை எடுத்தா.

"அம்மாடி, புதுச் சட்டை, பட்டன் இருக்கு"ன்னாரு ஆர்வின், மூச்சு வாங்கிட்டே.

"மன்னிச்சுக்கோங்க"ன்னு சொல்லிட்டே அவ கழுத்துல இருந்து கீழ வரைக்கும் ஒரே இழுப்பு இழுத்துட்டா.

மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சு உக்காந்திருந்தாரு. நர்ஸ் எங்க ஊர்ப் பக்கத்துப் பொண்ணு, பேச்சுலயே தெரிஞ்சுது. எட்டிப் பாத்து, "ஆப்பிள் ஜூஸ் வேணுமா?"ன்னு கேட்டுட்டு, பதிலுக்கு நிக்காம பாதி திரும்பிட்டா. முதல் தடவை யாரும் வேணும்னு சொல்ல மாட்டாங்கங்கிற பழக்கம்.

"வேணும்"னாரு ஆர்வின்.

அந்தப் பொண்ணு கதவைப் பிடிச்சிட்டு அப்படியே நின்னுட்டா.